20-ல் விட மனம் வருமா?

ரம்மி ஆட்டத்தில் ஒரு கணக்கு உண்டு.

கையில் 13 சீட்டு. ஜோக்கர் இல்லை. சீட்டுகளும் சேரவில்லை. உடனே "ஸ்கூட்" சொல்லிக் கவிழ்த்துவிட வேண்டும். போவது 20 புள்ளிதான். ஒரு சீட்டு எடுத்த பிறகு விட்டால் 40. கடைசிவரை ஆடித் தோற்றால் 80 வரை போகும்.

அம்பத்தூர் தொழிற்பேட்டைத் தொழிலாளிக்கும் இந்தக் கணக்கு தெரியும். ஆனால், இரவு ஷிப்டு முடிந்து, தூக்கக் கண்ணோடு பணம் வைத்து ஆடுகிறவர் 20-ல் விடுவாரா? "போனதைப் பிடித்துவிடலாம்" என்கிறது ஆசை. 80 போகிறது. வீட்டு வாடகையும் போகிறது!

ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டமே என்று 1967-ல் சுப்ரீம் கோர்ட்டு கூறியது. உண்மைதான். ஆனால், கணக்கு தெரிவது ஒன்று. அதன்படி நடப்பது வேறொன்று.

2019-ல் அமெரிக்காவில் "புளூரிபஸ்" என்ற கம்ப்யூட்டர் புரோகிராம், போக்கர் சீட்டாட்டத்தில் கைதேர்ந்தவர்களை வென்றது. அதற்குக் கோபம் இல்லை. கடன் இல்லை. பள்ளிக்கூடம் போகும் பிள்ளை இல்லை. நமக்கு எல்லாம் உண்டு.

பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்கு எதிராக 2025-ல் பாராளுமன்றம் சட்டம் இயற்றியது. நல்லதே. தோற்றவர் மனதுக்கு எந்தச் சட்டம் பூட்டுப் போடும்?

கவிழ்க்க மனம் வராதவர்கள் பணம் வைத்துச் சீட்டைத் தொடவே கூடாது. அதுதான் சரியான கணக்கு!