கார்த்திகைக் கிழங்கை அவித்துக் குடிக்கச் சொல்கிறவர்களுக்கு



மூட்டு வீக்கத்துக்குக் கார்த்திகைக் கிழங்கை அவித்துக் குடிக்கச் சொல்லும் பதிவு எங்கள் தீவுப்பகுதிக் குழுக்களில் சுற்றுகிறது. அதில் கொல்கிசின் இருக்கிறதாம், விஞ்ஞானமே ஒப்புக்கொண்டுவிட்டதாம்.

கொல்கிசின் இருப்பது உண்மை. கவுட் வீக்கத்துக்கு டொக்டர்மார் எழுதும் குளிசை அதுதான். 2023இல் அமெரிக்காவில் மாரடைப்பு அபாயத்தைக் குறைக்கவும் அதை அனுமதித்தார்கள். ஆனால் அந்தக் குளிசையில் இருப்பது அரை மில்லிகிராம். உங்கள் வேலியோரக் கிழங்கில் எவ்வளவு? எந்தக் கரண்டியால் அளப்பீர்கள்?

வெண்குருதிக் கலங்கள் மூட்டுக்கு ஓடுவதை அது தடுக்கும், வீக்கம் வற்றும். கலம் பிரிவதையும் தடுக்கும். அளவு கூடினால் குடலும் எலும்பு மச்சையும் செயலிழக்கும். முதலில் வாந்தி, வயிற்றோட்டம். தப்பினவருக்குப் பிறகு முடி கொட்டும். அவித்தாலும் நஞ்சு போகாது. முறிவு மருந்தும் கடையில் இல்லை. வள்ளிக்கிழங்கென்று நினைத்து அவித்துத் தின்று செத்தவர்கள் இந்த நாட்டிலேயே உண்டு. நெடுந்தீவில் இரவு வாந்தி தொடங்கினால் குறிகட்டுவானுக்குப் படகு எங்கே?

சித்த வைத்தியத்தை நான் குறை சொல்லவில்லை. சுத்தி செய்யாமல் இதைத் தொடாதே என்று சொன்னதே அவர்கள்தான். அதைப் பதிவில் காணோம்.

அல்லாஹ் படைத்த மூலிகையில் கெடுதி இல்லை என்று கொமென்ட் போட்ட சகோதரரே, புடையன் பாம்பையும் அவன்தான் படைத்தான்.

பகிர்ந்தவர்கள் அழித்தால் மட்டும் போதாது. அதே குழுவில் "குடிக்காதீர்கள்" என்றும் போடுங்கள். வயதானவர்கள் பழைய பதிவை இன்னும் வைத்திருப்பார்கள்.