விலையை நிர்ணயிப்பது முதலாளியா, கணனியா?

எமது வியாபாரிகளில் பலர் இன்று பில் போடுவதற்கும் விலை நிர்ணயிப்பதற்கும் கணனியையே நம்பியிருக்கிறார்கள். நல்ல விடயம்தான். ஆனால் அந்த மென்பொருளில் வரிசையாக இருக்கும் 'கொஸ்ட்', 'பிரைஸ்', 'யுனிட்', 'மார்ஜின்' என்ற கட்டங்களுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டுப் பாருங்கள். முதலாளி கெஷியரைப் பார்ப்பார். கெஷியர் புரோகிராம் போட்ட தம்பியைக் கைகாட்டுவார். அந்தத் தம்பி கெட்டிக்காரராக இருக்கலாம். ஆனால் உங்கள் வியாபாரம் அவருக்குத் தெரியாது. அப்படியானால் உங்கள் கடையின் விலையை முடிவு செய்தது யார்?

கணனிக்குக் கூட்டவும் பெருக்கவும்தான் தெரியும். கட்டத்தில் எதைப் போட வேண்டும் என்பதை நாம்தான் சொல்ல வேண்டும்.

முதலில் 'கொஸ்ட்' என்பதை எடுத்துக்கொள்வோம். இறக்குமதி செய்பவருக்கு இன்வொய்ஸ் விலை வேறு, சாமான் கடைக்கு வந்து சேரும் விலை வேறு. கப்பல் கூலி, காப்புறுதி, சுங்கத் தீர்வை, கிளியரிங் செலவு, லொறிக் கூலி எல்லாம் சேர்ந்ததுதான் உண்மையான அடக்க விலை. இதில் எந்த விலை அந்தக் கட்டத்தில் இருக்கிறது? 2022 மார்ச் ஆரம்பத்தில் 200 ரூபாவைச் சற்றுத் தாண்டியிருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவுக்கு ஏறியது. அப்போது பழைய கொள்விலையில் இலாபம் வைத்து விற்றவர்கள், விற்ற காசில் அதே சாமானை மீண்டும் வாங்க முடியாமல் திண்டாடினார்கள். வாங்கிய விலைக்கு ஒரு கட்டமும், இன்று வாங்கினால் என்ன விலை என்பதற்கு இன்னொரு கட்டமும் வேண்டும் என்பது அன்று கிடைத்த பாடம்.

அடுத்தது 'யுனிட்'. துணி வியாபாரிகளுக்கு இது நன்றாக விளங்கும். யார் கணக்கில் 500 ரூபாவுக்கு வாங்கிய துணியை மீற்றர் கணக்கில் விற்கிறீர்கள். ஒரு யார் என்பது 0.9144 மீற்றர். ஆகவே மீற்றருக்கு அடக்கம் ஏறத்தாழ 547 ரூபா. கட்டத்தில் 500 என்றே இருந்தால் ஒவ்வொரு மீற்றரிலும் 47 ரூபா கணக்கில் தெரியாமல் போகிறது. பெட்டியாக வாங்கிப் பெக்கட்டாக விற்பவருக்கும் இதே கதைதான்.

'மார்ஜின்' என்பதில் பலர் ஏமாறுகிறார்கள். 100 ரூபா அடக்கத்தின் மேல் நூற்றுக்கு 25 வைத்தால் விலை 125. விற்பனை விலையில் நூற்றுக்கு 25 இலாபம் வேண்டுமென்றால் விலை 133 ரூபா 33 சதம். இரண்டையும் '25 வீதம்' என்றே சொல்கிறோம். மென்பொருள் இதில் எந்தக் கணக்கைப் போடுகிறது என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

வற் வரி இன்னொரு சிக்கல். 2022இல் 8 வீதமாக இருந்தது ஜூனில் 12 ஆகவும், செப்டெம்பரில் 15 ஆகவும், 2024 ஜனவரியில் 18 ஆகவும் உயர்ந்தது. வரி வீதத்தைத் தனிக் கட்டத்தில் வைத்திருந்தவர் ஓரிடத்தில் மாற்றினார். விலைக்குள்ளேயே சேர்த்து வைத்தவர் ஒவ்வொரு சாமானாகத் திருத்தினார். வரி உள்ளடங்கிய 1,180 ரூபாவில் வரி 180 ரூபாதான். அதை வரி சேராத விலை என்று கணனி எடுத்துக்கொண்டால் இன்னும் 212 ரூபா 40 சதத்தைக் கூட்டிவிடும். பெக்கட்டில் அச்சிட்ட விலையை விடக் கூட்டி விற்பது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் கீழ் குற்றமாகும். பரிசோதனைக்கு வரும் அதிகாரியிடம் "கணனி போட்ட விலை" என்று சொல்வது பதிலாகாது. வாடிக்கையாளரிடமும் அது எடுபடாது.

கம்பனிகள் அனுப்பும் எக்செல் விலைப்பட்டியலை அப்படியே ஏற்றும்போது கூடுதல் கவனம் வேண்டும். அவர் 'பிரைஸ்' என்று போட்டிருப்பது அவர் உங்களுக்குத் தரும் விலை, அதாவது உங்கள் 'கொஸ்ட்'. பெயர் ஒன்றாக இருக்கிறதே என்று அதை உங்கள் 'பிரைஸ்' கட்டத்தில் சேர்த்தால் வாங்கிய விலைக்கே விற்பீர்கள். பார்கோட் இலக்கங்களையும் பாருங்கள். இலங்கையில் பதிவான, 479 என்று தொடங்கும் 13 இலக்கங்களை எக்செல் சில வேளை சுருக்கிக் காட்டும். அப்படியே சேமித்து ஏற்றினால் பல சாமான்களுக்கு ஒரே இலக்கம் விழும். அந்த நிரலை முதலிலேயே எழுத்து வடிவத்துக்கு மாற்றிவிட வேண்டும்.

"இதெல்லாம் எங்களுக்கு எதற்கு, வருகிறபடி இருக்கட்டும்" என்பார் சிலர். வேறு சிலரோ தேவையில்லாமல் நாற்பது கட்டங்களைச் சேர்த்து, நிரப்ப ஆளில்லாமல் வெறுமையாக விடுவார்கள். இரண்டும் நட்டம்தான். சிறிய கடைக்கு ஏழெட்டுக் கட்டங்கள் போதும். ஆனால் ஒவ்வொன்றின் அர்த்தமும் தெளிவாக இருக்க வேண்டும்.

செய்ய வேண்டியது பெரிய காரியமல்ல. ஒரு தாளில் ஒவ்வொரு கட்டத்தின் பெயரையும், அதற்கு நேரே உங்கள் கடையில் அதன் அர்த்தத்தையும் ஒரு வசனமாக, கெஷியருக்கு விளங்கும் மொழியில் எழுதுங்கள். புரோகிராம் போடுபவரிடம் அதைக் கொடுத்து, கட்டங்களின் பெயரை மாற்றவும் புதிய கட்டம் சேர்க்கவும் முடியுமா என்று காசு கொடுக்க முன்னரே கேளுங்கள். முடியாது என்றால் வேறு ஆளைப் பாருங்கள். விலைப்பட்டியல் ஏற்றும் ஒவ்வொரு முறையும் பத்துச் சாமான்களை எடுத்துக் கல்குலேட்டரில் போட்டுச் சரிபாருங்கள். கட்டங்களை மாற்றும் அதிகாரம் உங்களிடமும் நம்பிக்கையான இன்னொருவரிடமும் மட்டும் இருக்கட்டும்.

எமது பெரியவர்கள் கொப்பியில் கணக்கு எழுதிய காலத்தில் எந்த வரியில் எதை எழுதுவது என்பதை அவர்களே தீர்மானித்தார்கள். கொப்பி கணனியாக மாறியதற்காக அந்தப் பொறுப்பை வேறொருவர் கையில் விட்டுவிடக் கூடாது.