பல்லாவரம் பாறையில் கதிர்வீச்சு இருக்கிறதா? தென்சென்னை புறநகர்வாசிகள் எதைக் கவனிக்க வேண்டும்?

தாம்பரத்தில் கடற்கரை ரயில் ஏறினால், பல்லாவரம் தாண்டியதும் திரிசூலம் மலை கண்ணில் படும். பல ஆண்டுகள் குவாரிக்கு வெட்டிய தழும்பு இன்னும் தெரிகிறது. அங்கிருந்து போன கல்தான் ஜல்லியாகி எத்தனையோ வீடுகளின் தளத்தில் கிடக்கிறது. "அந்தக் கல்லுல கதிர்வீச்சு இருக்காமே?" என்று யாராவது கேட்டால், இருக்கிறது என்பதுதான் பதில். அது இல்லாத பாறையே கிடையாது.

பாறையிலும் மண்ணிலும் யுரேனியம், தோரியம், பொட்டாசியம் சிறிதளவு கலந்திருக்கும். இவற்றிலிருந்தும் விண்வெளியிலிருந்தும் ஒருவர் பெறும் இயற்கைக் கதிர்வீச்சு, உலகச் சராசரியாக ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட் என்கிறது ஐ.நா. அறிவியல் குழு. மார்பு சிடி ஸ்கேன் ஒன்று எடுத்தாலே இதைவிட இரண்டு மடங்குக்கு மேல் வந்துவிடும்.

பல்லாவரம், பரங்கிமலைப் பகுதியின் பாறைக்கு சார்னோக்கைட் என்று பெயர். கொல்கத்தாவில் உள்ள ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இங்கிருந்து போனதாகக் கருதப்படுகிறது. அதை ஆராய்ந்த புவியியலாளர் ஹாலந்து 1893-ல் அவர் பெயரையே பாறைக்கு வைத்தார். சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன், பூமிக்குள் கடும் வெப்பத்தில் உருவான பாறை இது. அவ்வளவு வெப்பத்தில் வெந்த பாறைகள் பெரும்பாலும் யுரேனியத்தை இழந்துவிடும். அதனால், 'கல் வீடு ஆபத்து' என்ற பயத்துக்கு இங்கே பெரிதாக இடமில்லை.

நிஜமாகவே கதிர்வீச்சு கூடுதலாக உள்ள இடம் தமிழகத்தில் உண்டு. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியின் கடல்மணலில் தோரியம் கொண்ட மோனசைட் இருக்கிறது. இதே வகை மணல் உள்ள கேரளத்தின் கருநாகப்பள்ளியில், திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் சுமார் 70,000 பேரைப் பல ஆண்டுகள் கண்காணித்தது. கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை என்று 2009-ல் வெளியான முடிவு சொன்னது. ஆபத்து துளியும் இல்லை என்று இதற்கு அர்த்தமில்லை. இருந்தாலும் கணக்கில் பிடிபடாத அளவுக்குச் சிறியது.

பாறையைவிட, அதிலிருந்து வருபவை இரண்டைக் கவனிக்கலாம். ஒன்று ரேடான். யுரேனியம் சிதையும் வரிசையில் உருவாகும் இந்த வாயுவுக்கு நிறமோ மணமோ இல்லை. மேலே சொன்ன 2.4-ல் ஏறக்குறைய பாதி இதனால் வருவதுதான். நுரையீரல் புற்றுநோய்க்குப் புகைப்பழக்கத்துக்கு அடுத்த முக்கியக் காரணம் இது என்கிறது உலக சுகாதார நிறுவனம். காற்றோட்டமான வீட்டில் தங்காது. தரைத்தளத்தில் ஏசி போட்டு எப்போதும் மூடியே வைத்திருக்கும் அறை என்றால், ஜன்னலை அடிக்கடி திறந்து காற்றோட்டம் கொடுப்பது நல்லது.

இன்னொன்று போர் தண்ணீர். புறநகரில் பலருக்கு அதுதான் கதி. 2017, 2019 வறட்சியில் சென்னைக்குக் கைகொடுத்த சிக்கராயபுரம் குவாரி நீர் பெரும்பாலும் மழைநீர். போர் தண்ணீரோ பாறை இடுக்குகளில் நெடுநாள் தேங்கிக் கிடப்பது. யுரேனியம் கரைவதற்கு அங்கே வாய்ப்பு அதிகம். குடிநீரில் லிட்டருக்கு 30 மைக்ரோகிராம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு. அளவு மிஞ்சினால் முதலில் அடிபடுவது சிறுநீரகம். காரணம் கதிர்வீச்சு அல்ல, அந்த உலோகத்தின் நச்சுத்தன்மை. காய்ச்சினால் யுரேனியம் போகாது, நீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும். ஆர்ஓ பெருமளவு வடிகட்டிவிடும்.

குவாரி, கிரஷரில் வேலை பார்ப்பவர்களுக்குக் கவலையே வேறு. கல்தூளில் உள்ள சிலிகா நுரையீரலில் படிந்தால் சிலிகோசிஸ் வரும். கதிர்வீச்சைப் பேசும் அளவுக்கு யாரும் இதைப் பேசுவதில்லை.

போர் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுக்கும்போது உப்பு, கடினத்தன்மை, ஃபுளோரைடு ஆகியவற்றோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். யுரேனியத்தையும் பார்க்கச் சொல்லி ஆய்வகத்தில் தனியாகக் கேட்க வேண்டும்.