பாட்டி கழுத்தில் ஒரு பட்டன்

ஆரணியில் தறி ஓடும் தெருவில் குடியிருப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த வீட்டில் காலையிலேயே தறி ஆரம்பித்துவிட்டது, எந்த வீட்டில் இன்னும் ஆரம்பிக்கவில்லை என்பது காதாலேயே தெரிந்துவிடும். "என்ன, இன்னிக்கு அண்ணன் தறிச் சத்தமே கேக்கலியே?" என்று ஒருவர் எட்டிப் பார்ப்பார். காய்ச்சலாக இருக்கலாம், கல்யாணத்துக்குப் போயிருக்கலாம், பாவு தீர்ந்திருக்கலாம். காரணம் எதுவானாலும் யாரோ ஒருவர் எட்டிப் பார்ப்பார் என்பது மட்டும் நிச்சயம்.

யாரும் திட்டம் போடாமல், பைசா செலவில்லாமல் அமைந்த ஏற்பாடு அது. தறிச் சத்தம் நின்றால் அதுவே அபாய மணி!

இப்போது அந்தச் சத்தம் பல வீடுகளில் நிரந்தரமாகவே நின்றுவிட்டது. கூலி கட்டுப்படியாகவில்லை என்று தறியை விட்டவர்கள் பலர். பிள்ளைகள் செய்யாறு சிப்காட்டுக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் சென்னைக்கும் பெங்களூருக்கும் போய்விட்டார்கள். வீட்டில் மிச்சம் இருப்பது மூட்டு வலியோடு ஒரு தாத்தாவோ, தார் சுற்றிச் சுற்றிக் கண் மங்கிய ஒரு பாட்டியோதான். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் நூற்றுக்கு 10.4 பேர். 2021-க்கான அரசின் மதிப்பீட்டில் அது 13.6. கேரளாவை விட்டால் பெரிய மாநிலங்களில் தமிழ்நாட்டில்தான் முதியவர்களின் பங்கு அதிகம்.

சாயங்காலம் சென்னையிலிருந்து மகன் போன் செய்கிறான். மணி அடித்துக்கொண்டே இருக்கிறது, அம்மா எடுக்கவில்லை. கோயிலுக்குப் போயிருப்பாள் என்று முதல் தடவை நினைத்துக்கொள்கிறான். மூன்றாவது தடவைக்கு மேல் மனசு வேறு எங்கெங்கோ போகிறது. கடைசியில் பாத்ரூமில் இருந்தேன் என்று அம்மா சாதாரணமாகச் சொல்கிறாள். அன்று ராத்திரியே மகன் ஆன்லைனில் தேட ஆரம்பிக்கிறான். கழுத்தில் மாட்டும் பட்டன், கையில் கட்டும் வாட்ச், விழுந்தால் தானே தெரிந்துகொள்ளும் கருவி... இரண்டு நாளில் பார்சல் ஆரணிக்கு வந்துவிடும்.

வாங்குவது தப்பில்லை. ஆனால் பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். எந்தக் கருவி நல்லது என்பது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. பட்டனை அழுத்தினால் வரப்போவது யார் என்பதே முதலில் கேட்க வேண்டியது.

விழுவதை விட ஆபத்து, விழுந்து கிடப்பது

வயதானவர் விழுந்தார் என்றதும் எல்லோருக்கும் இடுப்பு எலும்பு முறிவுதான் ஞாபகம் வரும். எலும்பு முறியாவிட்டாலும் எழ முடியாமல் தரையில் கிடப்பதே பெரிய ஆபத்து. ஒரே பக்கமாக மணிக்கணக்கில் கிடந்தால் உடம்பின் எடை தசையை நசுக்குகிறது. நசுங்கிய தசையிலிருந்து வரும் பொருட்கள் சிறுநீரகத்தைக் கெடுக்கும். தண்ணீர் இல்லாமல் உடம்பு வற்றும், படுக்கைப் புண் ஆரம்பிக்கும். பிரிட்டனில் 1981-ல் வெளியான ஒரு சிறிய ஆய்வு, ஒரு மணி நேரத்துக்கு மேல் தரையில் கிடந்த முதியவர்களில் பாதிப் பேர் ஆறு மாதத்துக்குள் இறந்ததாகச் சொன்னது. பெரிய காயம் இல்லாதவர்களும் அதில் இருந்தார்கள். ஏற்கெனவே பலவீனமானவர்கள்தான் அப்படிக் கிடக்கிறார்கள் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். இருந்தாலும் அந்த ஒரு மணி நேரத்தைக் குறைக்க வேண்டும் என்பதில் சந்தேகமே இல்லை.

இதற்காகத்தான் 1970-களில் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் இந்தப் பட்டன் வந்தது. பட்டனை அழுத்தினால் வீட்டு டெலிபோனோடு இணைத்த பெட்டி ஒரு மையத்தைக் கூப்பிடும். அங்கே 24 மணி நேரமும் ஆள் இருப்பார். அவர் பெட்டி வழியாகவே பேசிப் பார்ப்பார். பதில் வராவிட்டால் பக்கத்து வீட்டுக்கோ ஆம்புலன்சுக்கோ தகவல் போகும். அதாவது அங்கே விற்றது பட்டனை மட்டும் அல்ல, பட்டனுக்குப் பின்னால் இருக்கும் ஆட்களையும் சேர்த்துத்தான்.

இங்கே ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் கருவிகள் பலவற்றில் அந்த ஆட்கள் இல்லை. உள்ளே ஒரு சிம் கார்டு, அதில் பதிந்து வைத்த மூன்று நான்கு நம்பர்கள், அவ்வளவுதான். அந்த நம்பர்கள் யாருடையவை? பெரிய மகன் சென்னை, சின்ன மகன் பெங்களூர், மருமகன் துபாய். ஆரணி பாத்ரூமில் பாட்டி விழுந்தால் சுமார் 140 கிலோமீட்டர் தள்ளி ஒரு போன் அடிக்கும். மகன் பதறிப்போய் பஸ் ஏறி வந்து சேர மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

ஆட்களை முதலில் தேடுங்கள்

பட்டனில் பதிய வேண்டிய முதல் மூன்று நம்பர்களும் நடந்து வரும் தூரத்தில் இருப்பவர்களுடையதாக இருக்கட்டும். எதிர்வீட்டு அக்கா, தெருமுனை மளிகைக்கடைக்காரர், பக்கத்துத் தெருவில் இருக்கும் சித்தப்பா மகன். மகனின் நம்பர் நான்காவதாக வரட்டும். மனசுக்குக் கஷ்டமாக இருந்தாலும் அதுதான் சரி.

அவர்களிடம் நேரில் போய்க் கேட்க வேண்டும். "அம்மா பட்டனை அழுத்தினா உங்களுக்கு போன் வரும், ராத்திரியா இருந்தாலும் வந்து பாக்கணும்" என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். ஆரணியில் இதற்கு யாரும் மாட்டேன் என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் கேட்காமல் நம்பரைப் பதிந்தால், தெரியாத நம்பர் என்று போனைக் கட் செய்துவிடுவார்கள்.

அடுத்தது கதவு. தனியாக இருக்கும் முதியவர்கள் ராத்திரி உள்ளே தாழ்ப்பாள் போட்டுத்தான் படுக்கிறார்கள். பட்டன் வேலை செய்து, எதிர்வீட்டு அக்கா ஓடி வந்து, ஆம்புலன்சும் வந்து... எல்லோரும் வெளியே நின்று கதவைத் தட்டிக்கொண்டிருந்தால் என்ன பயன்? தாழ்ப்பாளுக்குப் பதில் வெளியிலிருந்தும் சாவியால் திறக்கும் பூட்டைப் போட்டு, ஒரு சாவியை எதிர்வீட்டில் கொடுத்து வையுங்கள். பாத்ரூம் கதவையும் அப்படி மாற்றலாம். இதற்கு ஆகும் செலவு, வாங்க நினைக்கும் வாட்ச்சின் விலையை விடக் குறைவு.

நம்பர்களிலும் குழப்பம் உண்டு. தமிழ்நாட்டில் 2008 முதல் ஓடும் 108 ஆம்புலன்ஸ்தான் உயிர் ஆபத்துக்கு. 112 எல்லா அவசரத்துக்கும் பொதுவானது. 2021 அக்டோபர் 1 அன்று நாடு முழுவதற்கும் தொடங்கிய 14567, முதியோர் உதவி எண். பென்ஷன், சட்ட ஆலோசனை, கைவிடப்பட்ட முதியவர்கள் போன்றவற்றுக்கு நல்ல சேவை. ஆனால் அது காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரைதான். அதைப் போய்ப் பட்டனில் பதிந்து வைத்தால் ராத்திரி 2 மணிக்கு யாரும் எடுக்க மாட்டார்கள்.

தறி வீட்டுக்கு எது பொருந்தும்?

இப்போது கருவிக்கு வருவோம். வெளிநாட்டுப் பட்டியலை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஆரணி வீட்டில் வைத்துத்தான் யோசிக்க வேண்டும்.

இன்னும் தறியில் உட்காருகிறவர் என்றால் கழுத்தில் தொங்கும் பட்டன் தொல்லை. குனிந்தால் பாவின் மேல் விழும், பட்டு இழையில் மாட்டும். ஒரு இழை அறுந்தாலே அதைப் பிடித்துக் கட்ட எவ்வளவு நேரம் போகும் என்பது நெய்கிறவருக்குத்தான் தெரியும். முதல் நாளே கழற்றி ஆணியில் மாட்டிவிடுவார். அவருக்குச் சட்டைப் பையில் அடங்கும் கருவி மேல். குழித்தறியிலிருந்து எழுந்து மேலே வரும் இடத்தில் சுவரில் ஒரு கைப்பிடி அடித்தால் விழுவதே குறையும்.

தானாக உணரும் வாட்ச் நல்ல கண்டுபிடிப்புதான். 2018-ல் ஆப்பிள் வாட்ச்சில் வந்தபின் பலர் கேள்விப்பட்டிருப்பார்கள். வேகமாக விழுந்து, சுமார் ஒரு நிமிடம் அசையாமல் இருந்தால் அது தானே போன் செய்யும். ஆனால் எல்லா விழுதலையும் அது கண்டுபிடிக்காது. கட்டிலைப் பிடித்தபடி மெல்லச் சரிந்து உட்கார்ந்தால் அதற்குத் தெரியாமல் போகலாம். கையை வேகமாக வீசும் வேலையில் விழுந்துவிட்டதாக நினைத்துக்கொள்வதும் உண்டு. தினமும் சார்ஜ் போட வேண்டும். 75 வயதில் தினமும் ஒரு வாட்ச்சைக் கழற்றி மாட்டுவது எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கும்?

சிம் கார்டு விஷயத்தில் ஏமாறுகிறவர்கள் அதிகம். விலை குறைந்த கருவிகள் சில 2ஜியில் மட்டும் ஓடுபவை. ஜியோவில் 2ஜியே கிடையாது. அதனால் அந்தக் கருவியில் ஜியோ சிம் போட்டால் அது வெறும் டாலர்தான்! சிம்முக்கு ரீசார்ஜ் முடிந்துபோனாலும் அதே கதை. மாதாமாதம் அதைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும்.

செலவு செய்ய முடியாதவர்களுக்கும் வழி இருக்கிறது. 2016-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி எல்லா செல்போனிலும் அபாய பட்டன் இருக்க வேண்டும். சாதாரண பட்டன் போனில் 5 அல்லது 9-ஐ அழுத்திப் பிடிப்பதுதான் அது. புதிய ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில் பவர் பட்டனை ஐந்து முறை அழுத்தும் வசதியை செட்டிங்கில் போட்டுக்கொள்ளலாம். இன்னும் எளிது, வயர் இல்லாத காலிங் பெல். சில நூறு ரூபாய்க்கு எலக்ட்ரிக்கல் கடையிலேயே கிடைக்கும். மணியை எதிர்வீட்டில் மாட்டி, தண்ணீர் படாதபடி உறை போட்ட சுவிட்சைப் பாத்ரூமில் தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் ஒட்டிவிடலாம். தரையில் கிடப்பவர் கை எட்ட வேண்டும், அதற்காகத்தான் அந்த உயரம். இதற்கு சிம் வேண்டாம், ரீசார்ஜ் வேண்டாம். எதிர்வீட்டில் கரண்ட் போனால் அடிக்காது என்பதால் மணியும் பேட்டரியில் ஓடுவதாகப் பார்த்து வாங்குங்கள்.

அழுத்துவது அவர்தான்

2008-ல் பிரிட்டனின் கேம்பிரிட்ஜில் 90 வயது தாண்டியவர்களைப் பற்றி இன்னொரு ஆய்வு வந்தது. பட்டன் வசதி பலருக்கும் இருந்தது. இருந்தும், விழுந்து நெடுநேரம் கிடந்தவர்களில் பெரும்பாலோர் அதை அழுத்தவில்லை! சிலர் அணிந்திருக்கவில்லை. சிலர் எப்படியாவது தானே எழுந்துவிடலாம் என்று பார்த்தார்கள். சிலருக்கு மற்றவர்களைத் தொந்தரவு செய்ய மனமில்லை.

கேம்பிரிட்ஜ் கிழவிக்கும் ஆரணிப் பாட்டிக்கும் இதில் வித்தியாசமே இல்லை. "பாவம், அவனே வேலை வேலைன்னு அலையறான், அவனை எதுக்கு கூப்பிடணும்?" என்பதுதான் இங்கேயும் பதில். விழுந்தது தெரிந்தால் ஊரை விட்டு சென்னைக்குக் கூட்டிப் போய்விடுவார்கள் என்ற பயமும் உண்டு. ஐம்பது வருஷம் வாழ்ந்த தெருவை விட்டு இரண்டாம் மாடி ஃபிளாட்டில் அடைபடுவதை விட, தரையில் இரண்டு மணி நேரம் கிடப்பது மேல் என்று நினைக்கிறார்கள்.

அதனால் கருவியை மகன் மட்டும் தேர்ந்தெடுத்து அனுப்பினால் அது ஆணியில்தான் தொங்கும். எது வேண்டும், யார் யார் நம்பர் வேண்டும் என்பதை அவரையே சொல்லச் சொல்ல வேண்டும். "நீ விழுந்தா உன்னை ஊரை விட்டுக் கூட்டிட்டுப் போறதுக்கு இல்ல, நீ இங்கயே இருக்கணும்னுதான் இது" என்று சொன்னால் மாட்டிக்கொள்வார். சொன்னபடி நடக்கவும் வேண்டும். அம்மாவைக் கேட்காமல் வீட்டுக்குள் கேமரா மாட்டுவது இதற்கு நேர் எதிரானது. பிள்ளையின் பயம் குறையலாம், ஆனால் தன் வீட்டிலேயே அம்மா கூச்சத்தோடு நடமாட வேண்டியிருக்கும்.

பக்கத்து வீட்டுக்காரர்கள் இருக்கும்போது பட்டன் எதற்கு என்று சிலர் கேட்கலாம். அந்தப் பக்கத்து வீட்டுக்காரருக்கும் வயதாகிவிட்டது. தறிச் சத்தம் இல்லாத தெருவில் எந்த வீட்டில் என்ன நடக்கிறது என்பது காதுக்குத் தெரிவதில்லை. தறி செய்த வேலையை இப்போது பட்டன் செய்யட்டும். எட்டிப் பார்க்கும் வேலைக்கு மட்டும் மனிதர் வேண்டும். ஆரணியில் நெசவாளர் கூட்டுறவு சங்கங்கள் இருக்கின்றன. தனியாக இருக்கும் வயதான உறுப்பினர்களின் பட்டியலும், ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் யாரைக் கூப்பிடுவது என்ற விவரமும் சங்கத்தில் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரையோடு வீட்டுக்கே வரும் ஊழியருக்கும் அந்தப் பட்டியலைக் கொடுக்கலாம். பெரிய பணம் தேவைப்படும் காரியம் இல்லை இது.

வெளியூரில் படிக்கும், வேலை பார்க்கும் பிள்ளைகள் கருவி தேடுவதற்கு முன் இன்றைக்கே ஒரு காரியம் செய்யலாம். செல்போனை எடுத்து, ஊரில் பாட்டி வீட்டுக்கு எதிர்வீட்டில் இருப்பவரின் நம்பர் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் முதலில் அதை வாங்கிப் பதிந்துகொள்ளுங்கள். பட்டனை அப்புறம் வாங்கலாம்.