சந்தை திறந்தது, திருப்பூர் ஜாப் ஒர்க்காரருக்கு என்ன கிடைத்தது?

உங்க வீட்டுல இருக்குற பனியன் திருப்பூர்ல தைச்சதா இருக்கலாம். அதே ஊர் டி-சர்ட்டைத்தான் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் போடுறாங்க.

1991-ல் ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்டு, இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்ந்தபோது திருப்பூருக்கு லாபம் கிடைத்தது உண்மை. அதை மறுக்க வேண்டியதில்லை. டாலரில் வந்த பில்லுக்கு ரூபாய் கூடுதலாகக் கிடைத்தது, வெளிநாட்டு மெஷின்கள் வந்தன. 2005 ஜனவரி 1-ல் ஜவுளிக் கோட்டா முறையும் ஒழிந்தது. இனி நம்ம காலம்தான் என்றார்கள்.

ஆனா கோட்டா நமக்கு மட்டுமா போச்சு? சீனாவுக்கும் போச்சு, வங்கதேசத்துக்கும் போச்சு. அதிலும் வங்கதேசச் சரக்கு 2001 முதலே ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வரியில்லாமல் நுழைந்தது. நம்ம சரக்கு வரி கட்டித்தான் போனது. அந்த வித்தியாசத்தை பையர் யார் தலையில் கட்டுவார்? தையல் கூலியில்தான்.

இங்கே பஞ்சு, நூல் கதையைப் பாருங்க. ஆர்டர் எடுக்கும்போதே விலை முடிவாகிவிடும். சரக்கு ஏற்றுவதற்குள் நூல் விலை ஏறினால் நஷ்டம் நம்மூர்க்காரருக்கு. 2021 பட்ஜெட்டில் பஞ்சு இறக்குமதிக்கு வரி போட்டாங்க. 2022 ஏப்ரலில் எடுத்தாங்க. அடுத்த மாசமே நூல் விலை தாங்காமல் திருப்பூரில் இரண்டு நாள் கம்பெனிகளை மூடிப் போராடினார்கள். பிறகு வரி திரும்ப வந்தது. 2025 ஆகஸ்டில், அமெரிக்கா 50 சதவீத வரி போட்ட அதே மாசத்தில், மறுபடி எடுத்தாங்க. இப்படி இருந்தா எந்தக் கம்பெனி ஆறு மாசத்துக்குக் கணக்குப் போட முடியும்? (வரியை எடுத்தா பருத்தி விவசாயிக்கு அடி. அவருக்கு ஆதார விலையில் கொள்முதல் உறுதி வேணும். அதைப் பேசாம இதைப் பேசுறது நியாயமில்லை.)

சொந்தமா ஸ்பின்னிங் மில் வச்சிருக்குற பெரிய நிறுவனம் சமாளிச்சிடும். இருபது மெஷின் போட்டு நிட்டிங், தையல்னு ஜாப் ஒர்க் பண்றவர்? ஆர்டர் நின்னா முதல்ல நிக்கிறது அவர் மெஷின். கடைசியா வர்றது அவர் பணம். சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் கொடுக்கணும்னு 2006-லேயே சட்டம் இருக்கு. தெரிஞ்ச ஜாப் ஒர்க்காரர்கிட்ட கேட்டுப் பாருங்க, எத்தனை செக் அந்தத் தேதியில் வருதுன்னு.

நாங்கள் கேட்பது: பஞ்சு வரியில் மூன்றாண்டுக்கு மாறாத கொள்கை, 45 நாள் சட்டத்தை அமல்படுத்த திருப்பூரிலேயே ஒரு அதிகாரி.