நாலு பேரிடம் சொல்லிவிட்டு விடுங்கள்

கடைசியாக சிகரெட் பிடித்து இன்றோடு 104 நாள் ஆகிறது. விடுதி அறைக் காலண்டரில் ஒவ்வொரு நாளையும் பேனாவால் அடித்துக்கொண்டே வருகிறேன். முப்பது வருஷம் பிடித்துவிட்டு விட்டவர்கள் எத்தனையோ பேர் இருக்க, இரண்டு வருஷம் பிடித்துவிட்டு மூன்று மாதம் விட்டவன் பேச வருவது கொஞ்சம் ஓவர்தான் :-) அறிவுரை சொல்லும் வயசும் எனக்கு இல்லை. பி.காம் கடைசி வருஷம், கையில் ஒரு அரியர் வேறு. ஆனாலும் ஒரு விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும் போலிருக்கிறது.

"மனசு வச்சா ஒரே நாள்ல விட்டுடலாம்" என்று எல்லோரும் சொல்கிறார்களே, அது எனக்குத் தப்பாகப் படுகிறது. சிகரெட்டை நாம் தனியாகப் பழகவில்லை. அதைத் தனியாக விடுவதும் கஷ்டம்.

யோசித்துப் பாருங்கள். முதல் சிகரெட்டைத் தனியாகக் காசு கொடுத்து வாங்கிப் பிடித்தவர் எத்தனை பேர்? எனக்கு முதல் வருஷம் ஆகஸ்டில் கல்லூரிக்கு எதிர்ச் சாரி டீக்கடையில் நடந்தது. கல்வி நிறுவனத்திலிருந்து நூறு கஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது என்று 2003ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. எங்கள் கடை எத்தனை கஜம் என்று இதுவரை யாரும் டேப் பிடித்துப் பார்த்ததில்லை. சீனியர் ஒருவர் பாதி பிடித்ததை நீட்டினார். இருமினேன், எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஊர் விட்டு வந்து இரண்டு மாதத்தில் அன்றைக்குத்தான் ஒரு கூட்டத்தில் நானும் ஒருவன் என்று தோன்றியது. புகையின் ருசி பிடித்ததெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

இரண்டாம் வருஷம் முடியும்போது ஒரு நாளைக்கு ஆறு. உதிரியாக ஒன்று பதினெட்டு ரூபாய். நாளுக்கு 108, வருஷத்துக்கு 39,420. செலவுக் கணக்கியல் படிக்கிறவன் இந்தக் கணக்கைப் போடாமல் இருப்பேனா? போட்டேன். போட்டுவிட்டு ஒரு சிகரெட் பிடித்தேன். கணக்கு தெரிந்தால் விட்டுவிடலாம் என்றால் எங்கள் டிபார்ட்மென்டில் ஒருத்தன் கூடப் பிடிக்க மாட்டான்.

அதற்குள் மூன்று முறை விட்டுப் பார்த்திருந்தேன். மூன்று முறையும் யாருக்கும் சொல்லவில்லை. சொல்லிவிட்டுத் தோற்றால் கிண்டல் செய்வார்கள், சொல்லாமல் தோற்றால் யாருக்கும் தெரியாது, அவ்வளவுதான் காரணம். இப்போது யோசித்தால், தோற்பதற்கு வசதி செய்துகொண்டுதான் தொடங்கியிருக்கிறேன். நிகோடின் இல்லாத முதல் இரண்டு மூன்று நாள்தான் மிக மோசமானது. எரிச்சல், தூக்கமின்மை, புத்தகத்தில் ஒரு வரி ஓடாது. மூன்று, நான்கு வாரத்தில் அநேகமாக அடங்கிவிடும். ஒரு தடவை எழும் ஆசை சில நிமிஷம்தான் நிற்கும். அந்தச் சில நிமிஷத்தில் பக்கத்தில் யார் இருக்கிறார் என்பதுதான் கேள்வி. என் பக்கத்தில் மூன்று முறையும் இருந்தவன் லைட்டர் வைத்திருந்தான்.

இங்கே என் பெரியப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பீடி பிடிப்பார். நாலு வருஷத்துக்கு முன் நெஞ்சு வலி வந்து ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்தார். அதற்கப்புறம் வீட்டில் எல்லோரும் அவருக்குக் காவல். பெரியம்மா சட்டைப் பையைச் சோதிப்பார். அப்பா தம்பியாக இருந்தும் சத்தம் போடுவார். அத்தை ஒரு தடவை, "இதைக் கூட விட முடியாத நீ எல்லாம் ஒரு ஆம்பளையா" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். சில மாதத்தில் விட்டுவிட்டேன் என்று பெரியப்பா சொன்னார். நாங்களும் நம்பினோம். கல்யாணம், கோவில் என்று போகிற இடமெல்லாம், "எங்க அண்ணன் ஒரே மூச்சுல விட்டுட்டாரு" என்று அப்பா பெருமையாகச் சொல்வார். இந்த மே மாதம் பெரியப்பா இறந்துபோனார். காரியம் முடிந்து தண்ணீர்த் தொட்டியைக் கழுவ மொட்டை மாடிக்குப் போனேன். தொட்டிக்குப் பின்னால் செங்கல் இடுக்கில் பாலித்தீன் பையில் சுற்றிய ஒரு கட்டு பீடியும் தீப்பெட்டியும் இருந்தன. மழை படாமல் பத்திரமாக வைத்திருந்தார்.

நான் யாரிடமும் காட்டவில்லை. எடுத்துக்கொண்டு போய் எறிந்துவிட்டேன். எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. அத்தனை பேர் இருந்த வீட்டில், "இன்னைக்கு முடியலப்பா, ஒண்ணு பிடிச்சுட்டேன்" என்று சொல்ல அவருக்கு ஒரு ஆள் இல்லை. நாங்கள் திட்டித் திட்டி அவரை மாடிக்கு அனுப்பியிருக்கிறோம். நான் பிடிப்பது வீட்டில் தெரியாது என்பதால் என்னை யாரும் திட்டவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஜூனில் விடுதிக்குத் திரும்பியதும் அறைத்தோழனிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "மாப்ள, நானும் விடணும்டா" என்றான். பக்கத்து அறையில் இரண்டு பேர் சேர்ந்தார்கள். ஐந்தாவதாக ஒருவன் வந்தான். அவன் பிடித்ததே இல்லை, கஜானாவுக்கு ஆள் வேண்டும் என்று சேர்த்துக்கொண்டோம். ஒரு பழைய போர்ன்விட்டா டப்பா, ஒரு நோட்டு. அன்றன்றைய சிகரெட் காசு டப்பாவுக்குள் போக வேண்டும்.

விதிகள் மூன்றுதான். ஆசை வந்தால் எந்த நேரமானாலும் ஒருத்தனை எழுப்பி இரண்டு பேருமாக மைதானத்தை ஒரு சுற்று சுற்ற வேண்டும். டீ கேன்டீனில்தான், எதிர்க் கடைக்குப் போகக் கூடாது (டீயும் தம்மும் ஒட்டிப் பிறந்தவை). பிடித்துவிட்டால் அன்றைக்கே சொல்லிவிட வேண்டும், சொன்னவனை யாரும் திட்டக் கூடாது.

மூன்றாவது விதியை நான்தான் எழுதினேன். முதலில் மீறியதும் நான்தான்.

பத்தொன்பதாம் நாள் ஊரில் ஒரு கல்யாணம். மண்டபத்துக்குப் பின்னால் அண்ணன் முறை உள்ள ஒருவர் நீட்டினார், வாங்கினேன். மூன்று பிடித்தேன். விடுதிக்கு வந்து சொல்லவில்லை. காலண்டரில் அடித்துக்கொண்டே போனேன். அடுத்த இரண்டு நாளில் இரண்டு தெரு தள்ளி, தெரிந்த முகம் இல்லாத ஒரு பெட்டிக்கடையில் இன்னும் ஐந்து. ஐந்தாவதைப் பிடிக்கும்போது கடைக்குப் பின்பக்கம் சுவரோடு ஒட்டி நின்றிருந்தேன். தண்ணீர்த் தொட்டி ஞாபகம் வந்தது. இருபத்தோரு வயசில் எனக்கும் ஒரு மாடி தயாராகிவிட்டது என்று நினைத்தேன்.

ராத்திரி சொன்னேன். அறைத்தோழன், "எத்தனை?" என்றான். "எட்டு." கஜானா நோட்டைத் திறந்து, "எட்டுப் பதினெட்டு நூத்தி நாப்பத்தி நாலு. போடு காசை" என்றான். அவ்வளவுதான். ஒருவரும் ஒரு வார்த்தை திட்டவில்லை. காலண்டரில் அடித்திருந்த நாட்களை நானே அழித்துவிட்டு ஒன்றிலிருந்து ஆரம்பித்தேன். அந்த ஒன்றுதான் இன்றைக்கு 104.

இது எங்கள் விடுதிக் கதை மட்டும் இல்லை. அமெரிக்காவில் ஃபிராமிங்ஹாம் என்ற ஊரின் இதய நோய் ஆய்வில் சேர்ந்தவர்கள், அவர்களுடைய உறவுகள், நண்பர்கள் என்று 12,067 பேரை 1971 முதல் 2003 வரை தொடர்ந்து பார்த்து, கிறிஸ்டாகிஸ், ஃபவுலர் என்ற இருவர் 2008இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கணவனோ மனைவியோ விட்டால் மற்றவர் பிடிக்கும் வாய்ப்பு 67 சதவீதம் குறைகிறது. நண்பன் விட்டால் 36 சதவீதம், உடன்பிறந்தவர் விட்டால் 25 சதவீதம். மக்கள் கூட்டம் கூட்டமாக விட்டிருக்கிறார்கள். விடாதவர்கள் மெல்ல ஓரத்துக்கு ஒதுங்கிப் போயிருக்கிறார்கள். படித்தபோது மாடிக்குப் போன பெரியப்பாதான் நினைவுக்கு வந்தார்.

நம் நாட்டில் 2016-17இல் எடுத்த புகையிலைக் கணக்கெடுப்பில், புகைப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் விடுவதைப் பற்றி யோசிப்பதாகச் சொன்னார்கள். விட முயன்றவர்களில் ஏறக்குறைய பத்துக்கு ஏழு பேர் எந்த உதவியும் இல்லாமல் முயன்றவர்கள். விருப்பம் இல்லாமல் இல்லை, துணைதான் இல்லை.

அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 2008 அக்டோபர் 2 முதல் பொது இடத்தில் தடை. 2016 முதல் பாக்கெட்டின் 85 சதவீதம் எச்சரிக்கைப் படம். 2018 முதல் விட உதவி கேட்டு அழைக்க ஒரு இலவசத் தொலைபேசி எண்ணும் பாக்கெட்டில் இருக்கிறது. ஆனால் நாங்கள் பாக்கெட் வாங்குவதே இல்லையே! உதிரியாக ஒன்று வாங்குகிறவனுக்குப் படமும் தெரியாது, எண்ணும் தெரியாது. இரண்டு வருஷம் பிடித்த எனக்கு அப்படி ஒரு எண் இருப்பதே ஜூலையில்தான் தெரியும். பாக்கெட்டில் அச்சடித்ததை கடைச் சுவரிலும் விடுதி நோட்டீஸ் போர்டிலும் எழுதி வைத்தால் என்ன குறைந்துவிடும்?

"எல்லாம் சரி, கடைசியில் மனஉறுதிதானே?" என்று கேட்கலாம். உறுதி வேண்டும்தான், மறுக்கவில்லை. எங்கள் நாலு பேரில் ஒருவன் ஆறாவது வாரம் மறுபடி ஆரம்பித்துவிட்டான். கூட்டம் இருந்தும் அவனால் முடியவில்லை. ஆனால் அவன் ஒளியவில்லை. தினமும் எங்களோடு கேன்டீனுக்கு வருகிறான், நாளைக்கு நாலாகக் குறைத்திருக்கிறான், எண்ணிக்கையைக் கேட்காமலே சொல்கிறான். இன்னொரு முறை தொடங்குவான் என்று நம்புகிறேன், ஏனென்றால் அவனுக்குத் திரும்பி வர ஒரு இடம் இருக்கிறது.

பிரிட்டிஷ் டாக்டர்களை ஐம்பது வருஷம் தொடர்ந்து கவனித்த ரிச்சர்ட் டால் குழுவின் ஆய்வு 2004இல் வந்தது. முப்பது வயசில் விட்டால் ஏறக்குறைய பத்து வருஷ ஆயுள் மிச்சம், ஐம்பதில் விட்டால் ஆறு, அறுபதில் விட்டால் கூட மூன்று என்கிறது. அந்த மூன்று வருஷம் பெரியப்பாவுக்குக் கிடைத்திருக்குமா என்று யோசித்துப் பயனில்லை. ஆனால் உங்கள் வீட்டிலும் யாராவது ஒருவர் இப்போது மாடிக்குப் போய்க்கொண்டிருக்கலாம். அவரிடம் "விட்டியா, இல்லையா?" என்று கேட்காதீர்கள். "இன்னைக்கு எப்படி இருந்துச்சு?" என்று கேளுங்கள். உண்மையைச் சொன்னால் திட்டாதீர்கள்.

விட நினைக்கிறவர் நீங்கள் என்றால், இன்றைக்கே நாலு பேரிடம் சொல்லிவிடுங்கள்.

அடுத்த மாதம் செமஸ்டர். ராத்திரி முழுக்க விழித்துப் படிக்கும் நாட்கள், எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. அறைத்தோழனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். "ராத்திரி ரெண்டு மணின்னாலும் எழுப்புடா, சுத்திட்டு வரலாம்" என்றான்.

பி.கு.: அந்த இலவச எண் 1800-11-2356. டப்பாவில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று கேட்காதீர்கள், கஜானா சொல்ல மாட்டேன் என்கிறான் :-)