சம்பளம் கையிலா, கணக்கிலா?

பால்காரர் அட்டை வைத்திருக்கிறார். பேப்பர் போடுகிறவர் மாதம் பிறந்தால் பில் தருகிறார். கேபிள்காரர் ரசீது கிழிக்கிறார். சிலிண்டர் கொண்டு வருகிறவர்கூட பில்லை நீட்டிவிட்டுத்தான் காசு வாங்குகிறார். ஆனால் தினமும் காலையில் வந்து பாத்திரம் தேய்த்து, வீடு பெருக்கித் துடைத்து, துணி துவைத்துக் காயப்போட்டுவிட்டுப் போகிறவருக்கு நாம் மாதாமாதம் கொடுக்கும் பணத்துக்கு மட்டும் ஒரு துண்டுச் சீட்டுகூடக் கிடையாது.

சென்னை அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இப்போது இந்த விஷயம் வேறு ஒரு கேள்வியாகக் கிளம்பியிருக்கிறது. வீட்டு வேலை செய்பவருக்குச் சம்பளத்தை ரொக்கமாகக் கொடுப்பதா, வங்கியிலோ ஜிபேயிலோ போட்டுவிடுவதா? ஒரு கோஷ்டி, "ரொக்கம் கொடுப்பது பழைய காலம், எல்லாம் கணக்கில் வரவேண்டும்" என்கிறது. இன்னொரு கோஷ்டி, "பாவம், அவங்களுக்கு பேங்க் எல்லாம் எதுக்கு? கையில குடுத்தா முடிஞ்சுது" என்கிறது. இரண்டு கோஷ்டியிலும் ஒரு ஒற்றுமை உண்டு. சம்பளம் வாங்குகிறவரை யாரும் கேட்கவில்லை!

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரொக்கமாகக் கொடுப்பதில் தப்பில்லை, எழுதாமல் கொடுப்பதில்தான் தப்பு. கையிலா கணக்கிலா என்பதை வாங்குகிறவர் முடிவு செய்யட்டும். எழுதிக் கொடுப்பது கொடுக்கிறவரின் கடமை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். ரொக்கம் என்றாலே கறுப்புப் பணம், வரி ஏய்ப்பு என்று சிலர் பேசுகிறார்கள். அமெரிக்காவில் அந்தப் பேச்சுக்கு அர்த்தம் உண்டு. அங்கே வீட்டு வேலைக்கு ஆள் வைத்தால், சம்பளம் குறிப்பிட்ட அளவைத் தாண்டும்போது முதலாளி சமூகப் பாதுகாப்பு வரி கட்டியாக வேண்டும். ரொக்கமாகக் கொடுத்து மறைப்பது அந்த வரியைத் தவிர்க்கத்தான். 1993இல் பில் கிளின்டன் அட்டர்னி ஜெனரல் பதவிக்கு முன்மொழிந்த ஜோ பேர்ட் என்ற வழக்கறிஞர், உரிய அனுமதி இல்லாத ஒரு தம்பதியை வீட்டு வேலைக்கு வைத்திருந்ததும் அவர்களுக்கான வரியைக் கட்டாததும் வெளியே வந்ததால் விலக வேண்டியதாயிற்று. ஒரு பெரிய பதவியே கைநழுவிப் போயிற்று.

நம் ஊர் நிலைமை வேறு. பி.எஃப். சட்டம் பொதுவாக 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களுக்கு. இ.எஸ்.ஐ.க்கு 10 பேர். ஒருவர் மட்டும் வேலை செய்யும் வீடு எதிலும் வராது. மாதம் ஏழாயிரமோ பத்தாயிரமோ சம்பாதிக்கும் பெண்ணுக்கு வருமான வரியும் வராது. ஆகவே ரொக்கமாகக் கொடுப்பதால் அரசாங்கம் ஏமாறவில்லை. ஏமாறக்கூடியவர் ஒரே ஒருவர்தான். அவர் வேலை செய்கிறவர்.

எப்படி என்று கேட்கிறீர்களா? என் பெரியம்மா மயிலாப்பூர் பக்கம் மூன்று வீடுகளில் வேலை பார்க்கிறவர். அதில் ஒரு வீட்டில் என் அண்ணனின் காலேஜ் ஃபீஸுக்காக 6,000 ரூபாய் அட்வான்ஸ் வாங்கினார். மாதம் 500 பிடித்துக்கொள்வதாகப் பேச்சு. பன்னிரண்டு மாதத்தில் கடன் தீர்ந்திருக்க வேண்டும். பதின்மூன்றாவது மாதமும் 500 குறைவாகவே சம்பளம் வந்தது. கேட்டால் வீட்டம்மா, "பத்து மாசம்தான் பிடிச்சிருக்கேன். தீபாவளி மாசமும் பொங்கல் மாசமும் முழுசாக் குடுத்தேனே" என்கிறார். பெரியம்மாவோ, "அந்த ரெண்டு மாசமும் பிடிச்சுக்கிட்டு, மேல போனஸ் வச்சுக் குடுத்தாங்க" என்கிறார். யாரும் பொய் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன். சம்பளம், போனஸ், பிடித்தம் எல்லாம் ஒரே கவரில் வந்தால் யாருக்குத்தான் ஞாபகம் இருக்கும்? ஆனால் முடிவு என்ன? இன்னும் இரண்டு மாதம் பிடிக்கப்பட்டது. எழுத்து இல்லாத இடத்தில், பணம் யார் கையில் இருக்கிறதோ அவருடைய ஞாபகம்தான் ஜெயிக்கும். வீட்டம்மாவுக்கு அந்த ஆயிரம் ரூபாய் ஒரு ஓட்டல் பில். பெரியம்மாவுக்கு அது ஒரு மாத மளிகையில் பாதி.

"அதற்குத்தான் வங்கியில் போடச் சொல்கிறோம்" என்று முதல் கோஷ்டி உடனே கையைத் தூக்கும். கொஞ்சம் பொறுங்கள். அதே பெரியம்மாவிடம் பேங்கில் போடச் சொல்லலாமே என்று கேட்டேன். "பேங்க்ல போட்டா லோன் டியூவுக்குப் போயிடும்டா. கையில குடுத்தா வாடகைக்கு ஆகும்" என்றார். பொருளாதாரம் படிக்கிற எனக்கு அந்தப் பதில் ஒரு பாடம். கணக்கில் விழும் பணத்தின் மீது முதல் உரிமை வங்கிக்கும் கடன் கொடுத்தவனுக்கும். கையில் விழும் பணத்தை எதற்கு முதலில் செலவழிப்பது என்பதை அவர் தீர்மானிக்கிறார்.

2023 செப்டம்பரில் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் பெண்களின் வங்கிக் கணக்கில் வந்தபோது என்ன நடந்தது? மினிமம் பேலன்ஸ் இல்லை, சேவைக் கட்டணம் பாக்கி என்று சில வங்கிகள் அந்தப் பணத்திலேயே கைவைத்தன. அரசு தலையிட்டுக் கண்டிக்க வேண்டியிருந்தது. அரசு கொடுத்த பணத்துக்கே அந்தக் கதி என்றால் நாம் போடும் மூவாயிரத்துக்குக் கேட்க யார் வருவார்கள்? இது போக, ஏ.டி.எம். கார்டு புருஷன் சட்டைப்பையில் இருக்கும் வீடுகள் உண்டு, ஜிபே மகன் போனில் இருக்கும் வீடுகள் உண்டு. அந்த வீட்டுப் பெண்ணுக்குக் கணக்கில் போடும் சம்பளம் அவர் கண்ணில் படாமலேயே கரைந்துவிடும்.

இதற்கு நேர் எதிரான வீடுகளும் உண்டு. சம்பளத் தேதி தெரிந்து வாசலிலேயே காத்திருந்து பிடுங்கிக்கொண்டு டாஸ்மாக் போகிற புருஷன்கள் இருக்கிறார்கள். அங்கே வங்கிக் கணக்குதான் அந்தப் பெண்ணுக்குப் பூட்டு. 2014இல் தொடங்கிய ஜன்தன் கணக்குகளுக்கு மினிமம் பேலன்ஸ் தொல்லையும் இல்லை. ஆகவே எது நல்லது என்பது வீட்டுக்கு வீடு மாறும். அது தெரிந்தவர் அவர் மட்டுமே. நம் சௌகரியத்துக்காகவோ நம் கொள்கைக்காகவோ முடிவு செய்ய நாம் யார்?

இதை நான் மட்டும் சொல்லவில்லை. வீட்டுப் பணியாளர்களுக்காக ஐ.எல்.ஓ. என்கிற சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2011இல் 189ஆம் எண் உடன்படிக்கையை நிறைவேற்றியது. சம்பளத்தை மாதம் ஒரு முறையாவது, நேரடியாக, ரொக்கமாகக் கொடுக்க வேண்டும் என்கிறது அதன் 12ஆம் பிரிவு. நாட்டின் சட்டமோ கூட்டு ஒப்பந்தமோ வேறு விதமாகச் சொல்லாவிட்டால், வங்கி வழியாகக் கொடுப்பதற்குத் தொழிலாளியின் சம்மதம் வேண்டும். ரொக்கம்தான் விதி, வங்கி சம்மதத்தோடு! (இந்தியா இந்த உடன்படிக்கையை ஏற்று உறுதிசெய்யவில்லை என்பது தனிச் சோகம்.)

அதே பிரிவில் இன்னொரு முக்கியமான விஷயமும் இருக்கிறது. சம்பளத்தில் ஒரு சிறு பகுதியை மட்டுமே பொருளாகக் கொடுக்கலாம், அதுவும் தொழிலாளி ஒப்புக்கொண்டு, அவருக்கு உபயோகமாகி, நியாயமான விலை போட்டால்தான். நம் வீடுகளில் என்ன நடக்கிறது? "சம்பளம் கொஞ்சம் கம்மிதான், ஆனா டெய்லி டிபன் குடுத்துடறோம், பழைய புடவையெல்லாம் அவளுக்குத்தான்" என்று பெருமையாகச் சொல்கிறோம். நேற்றைய சாம்பாரைக் கொண்டுபோய் வீட்டுச் சொந்தக்காரரிடம் வாடகையாகக் கொடுக்க முடியுமா? கொடுப்பதைத் தாராளமாகக் கொடுங்கள். அது அன்பு. அதைச் சம்பளக் கணக்கில் எழுதாதீர்கள்.

"உன் பணத்தை நானே சேர்த்து வைக்கிறேன், கல்யாணத்துக்கு மொத்தமாக் குடுக்கறேன்" என்கிற நல்ல மனசுக்காரர்களும் இருக்கிறார்கள். சிங்கப்பூரில் வீட்டுப் பணிப்பெண்களின் பணத்தை முதலாளி இப்படிப் பத்திரப்படுத்தி வைப்பதையே 2019 முதல் தடை செய்துவிட்டார்கள். காரணம் வெளிப்படை. சேர்த்து வைத்தவர் மனம் மாறினாலோ இறந்துபோனாலோ அந்தப் பெண்ணிடம் என்ன அத்தாட்சி இருக்கும்?

எழுத்து இல்லாததன் விலையை நாம் இரண்டு முறை கண்ணெதிரே பார்த்தோம். 2016 நவம்பர் 8இல் 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தபோது, பல வீடுகளில் திடீரென்று தாராளம் பொங்கியது. மூன்று மாதச் சம்பளம் முன்பணம், எல்லாம் பழைய நோட்டில்! அதை மாற்ற வரிசையில் நின்று வேலை நாளை இழந்தவர் வாங்கியவர்தான். பிறகு 2020 மார்ச் ஊரடங்கு. குடியிருப்புகளின் கேட் மூடப்பட்டது. வராத மாதங்களுக்கும் கணக்கில் போட்டவர்கள் உண்டு. ஆனால் "வந்து வாங்கிக்கோ" என்று சொல்லிவிட்டு, வர முடியாதவரிடம் "வேலைக்கு வரலையே" என்று கைவிரித்தவர்களும் உண்டு. எத்தனை வருடம் வேலை பார்த்தேன், என்ன சம்பளம் என்று காட்ட ஒரு காகிதமும் இல்லாதவர் யாரிடம் போய் முறையிடுவார்?

முறையிட இடமே இல்லை என்றும் சொல்ல முடியாது. தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர் நல வாரியம் 2007இல் அமைக்கப்பட்டது. கல்வி உதவி, விபத்து உதவி, 60 வயதுக்கு மேல் ஓய்வூதியம் எல்லாம் அதன் திட்டத்தில் உண்டு. 2018இல் வீட்டு வேலைக்குக் குறைந்தபட்ச ஊதியமும் நிர்ணயித்தார்கள். 2021இல் மத்திய அரசின் இ-ஷ்ரம் பதிவு வந்தது. ஆனால் இவை எல்லாவற்றின் வாசலிலும் எழும் கேள்வி, "எங்கே வேலை பார்க்கிறாய், என்ன சம்பளம்?" பதில் வாயில் இருக்கிறது, காகிதத்தில் இல்லை.

ஜிபே மெசேஜ் போதாதா என்றால், போதாது. 3,000 வந்தது என்று மெசேஜ் சொல்லும். பேசிய சம்பளம் 3,500 என்பதையும், 500 எதற்காகக் குறைந்தது என்பதையும் அது சொல்லாது. லீவுக்குப் பிடித்ததா, அட்வான்ஸில் கழித்ததா? பெரியம்மாவின் ஆயிரம் ரூபாய்த் தகராறு வங்கியில் போட்டிருந்தாலும் வந்திருக்கும்.

இதற்கு இரண்டு ஆட்சேபணைகள் எனக்குத் தெரியும். ஒன்று, "எழுதிக் கொடுத்தால் நாளைக்கே அதை வைத்துக் கேஸ் போடுவாள்." நியாயமான சம்பளம் கொடுப்பவர் அந்தக் காகிதத்துக்குப் பயப்பட என்ன இருக்கிறது? கொடுத்த பணத்தைக் கொடுக்கவில்லை என்று நாளைக்கு யாராவது சொன்னால், உங்களைக் காப்பாற்றுவதும் அதே காகிதம்தான்.

இரண்டாவது, "அவங்க எங்க குடும்பத்துல ஒருத்தர் மாதிரி. குடும்பத்துக்குள்ள கணக்கு என்ன?" கேட்க இதமாகத்தான் இருக்கிறது. அந்தக் குடும்பத்தில் ஒருவருக்கு மட்டும் ஏன் தனி டம்ளர், தனி லிஃப்ட் என்றுதான் புரியவில்லை. பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டையும் பணியிடமாகவே கருதுகிறது. அவருக்கு நம் வீடு ஆபீஸ். ஆபீஸில் சம்பளச் சீட்டு கேட்டு வாங்குகிற நாம், அதை இன்னொருவருக்குக் கொடுக்க மட்டும் ஏன் கூச்சப்பட வேண்டும்?

பிரான்சில் 1990களில் இதற்கு ஓர் எளிய வழி கண்டார்கள். வீட்டு வேலைக்கென்றே தனிச் செக் புத்தகம். செக்கைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, கூட இருக்கும் படிவத்தை அனுப்பினால் சமூகப் பாதுகாப்புக் கணக்கு தானாக நடக்கும். இன்று அங்கே ஒழுங்காகக் கணக்குக் காட்டுகிறவருக்குச் செலவில் பாதி வரையில் வரிச் சலுகையும் உண்டு. நம் நல வாரியமும் இப்படி ஓர் அட்டையைத் தாராளமாக அச்சடித்துக் கொடுக்கலாம். அதுவரை இருபது ரூபாய் நோட்டு போதும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்:

1. கையில் வேண்டுமா, கணக்கில் வேண்டுமா என்று அவரைக் கேளுங்கள். பாதி பாதி என்றாலும் சரி. பிறகு மாற்றிக்கொள்ளவும் விடுங்கள்.

2. சம்பளத் தேதியை நிச்சயம் செய்யுங்கள். ஐந்தாம் தேதி என்றால் ஐந்தாம் தேதி. அவர் வாய்விட்டுக் கேட்கும்படி வைக்காதீர்கள்.

3. இரண்டு சிறிய நோட்டு வாங்குங்கள். ஒன்று உங்களிடம், ஒன்று அவரிடம். தேதி, பேசிய சம்பளம், பிடித்தம், காரணம், கொடுத்தது, அட்வான்ஸ் பாக்கி. இரண்டிலும் இருவர் கையெழுத்து. போனஸுக்குத் தனி வரி. அவருக்குப் படிக்கத் தெரியாவிட்டால் அவர் பிள்ளைகள் படித்துச் சொல்வார்கள்.

4. ஊருக்குப் போவது நீங்களாக இருந்தால், அந்த மாதச் சம்பளத்தைப் பிடிக்காதீர்கள். வேலைக்கு வர அவர் தயாராகத்தானே இருந்தார்?

மாதம் ஐந்து நிமிட வேலை. இந்த மாதச் சம்பளத்திலிருந்தே ஆரம்பிக்கலாம். நோட்டின் முதல் பக்கத்தில் அவருடைய முழுப்பெயரை எழுத வேண்டியிருக்கும். தெரியாவிட்டால் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.